பட்டியலில் விடுபட்ட எண்



67,46,32,83,88,800. இந்த எண்ணை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள் பார்க்கலாம். ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு! மூச்சு வாங்குகிறதா? மொத்தம் 13 இலக்கங்கள்.

இந்த எண்ணை 1915ம் ஆண்டு லண்டனில் அச்சான ஒரு பட்டியலின் கடைசியில் காணலாம். பட்டியலைத் தயாரித்தவர், கும்பகோணத்தில் வளர்ந்த நம் கணித மேதை ராமானுஜன். அவர் பெயரைச் சொன்னதும் உங்களில் பலர் 1729 என்பீர்கள். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது. அந்தக் கதையைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று இந்தப் பெரிய எண்ணின் கதையையும், அதே பட்டியலில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போன இன்னொரு எண்ணின் கதையையும் பார்ப்போம்.

திண்ணையும் சிலேட்டும்

ராமானுஜன் 1887ம் ஆண்டு டிசம்பர் 22ம் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதி வந்தார். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுவார். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த சின்னஞ்சிறு வீட்டில்தான் ராமானுஜன் வளர்ந்தார்.

பத்து வயதில், தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். பிறகு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1903ல் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அதில் ஏறத்தாழ ஐயாயிரம் கணித உண்மைகள் வரிசையாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விளக்கமே கிடையாது. வேறு பிள்ளையாக இருந்தால் மூடி வைத்திருப்பான். ராமானுஜனோ ஒவ்வொன்றும் ஏன் உண்மை என்று தானே கண்டுபிடிக்க உட்கார்ந்துவிட்டார்.

காகிதம் விலை அதிகம். எனவே சிலேட்டில் பலப்பத்தால் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், மறுபடியும் போடுவார். முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். முழங்கை கறுத்துப் போகும் அளவுக்கு இது நடந்தது. வழிமுறைகள் சிலேட்டோடு அழிந்தன. விடைகள் மட்டும் நோட்டில் தங்கின.

கணக்கிலேயே மூழ்கிப் போனதால் மற்றப் பாடங்கள் பின்தங்கின. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1906லும் 1907லும் எப்.ஏ. தேர்வில் தோற்றார். பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909ல் ஜானகியுடன் திருமணம் ஆனது. வேலை தேடி ஊர் ஊராக அலைந்தார். கையில் இருந்த ஒரே சொத்து, அந்த நோட்டுப் புத்தகங்கள்தான்.

அவற்றைப் பார்த்து மதிப்பறிந்த சிலர் இருந்தார்கள். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய ராமசாமி ஐயர் அவர்களில் ஒருவர். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்து உதவினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

1913 ஜனவரியில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணிதப் பேராசிரியருக்குத் தன் கண்டுபிடிப்புகளைக் கடிதமாக எழுதி அனுப்பினார். இது அசாதாரண மூளை என்று ஹார்டி புரிந்துகொண்டார். 1914 மார்ச் 17ம் தேதி, நெவாசா என்ற கப்பலில் ராமானுஜன் சென்னையிலிருந்து புறப்பட்டார்.

பன்னிரண்டின் பெருமை

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

எங்கள் படப்பை வழியாக வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் எந்நேரமும் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டு போகும் லாரிகளும் அவற்றில் உண்டு. ஒரு பெட்டியில் 23 பொருட்களை ஒரே தட்டாக அடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீள வரிசையாக வைக்கலாம். வேறு எப்படி வைத்தாலும் ஒன்று இடிக்கும், அல்லது ஒரு மூலை காலியாக இருக்கும். அதுவே 24 என்றால்? 2 வரிசையில் பன்னிரண்டு, 3 வரிசையில் எட்டு, 4 வரிசையில் ஆறு என்று விருப்பம்போல் அடுக்கலாம். காரணம், 23ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 23 என்ற இரண்டுதான். 24க்கோ 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என்று எட்டு உண்டு. இவற்றைத்தான் காரணிகள் என்கிறோம்.

இனி ராமானுஜன் எடுத்துக்கொண்ட கேள்விக்கு வருவோம். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்கள் எவை?

2க்குக் காரணிகள் இரண்டு. 4க்கு மூன்று. 6க்கு நான்கு. 12க்கு ஆறு. 12க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. அடுத்து 24, 36, 48, 60, 120 என்று பட்டியல் போகும். 72க்கும் பன்னிரண்டு காரணிகள் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். ஆனால் 60 முன்பே பன்னிரண்டை எட்டிவிட்டது. சமம் செய்தால் போதாது, முந்த வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் சாதனையை முறியடிப்பது போல! இப்படிச் சாதனை படைக்கும் எண்களை மிகுபகு எண்கள் என்று சொல்லலாம்.

இந்த எண்கள் உங்களுக்குப் பழக்கமானவைதான். ஒரு டஜன் 12. ஒரு நாள் 24 மணி. ஒரு மணி 60 நிமிடம். நம் முன்னோர் கணக்கில் ஒரு நாள் 60 நாழிகை. ஒரு வட்டம் 360 பாகை. எளிதில் பங்கு போட வசதியாக இருக்கும் எண்கள் இவை. கிரேக்க அறிஞர் பிளேட்டோகூட ஒரு நகரத்துக்கு 5,040 குடிமக்கள் இருப்பது வசதி என்று கருதினார். 5,040க்கு 60 காரணிகள். அதுவும் மிகுபகு எண்தான்.

ஆக, இத்தகைய எண்களை உலகம் வெகு காலமாகப் பயன்படுத்தி வந்தது. அவற்றுக்குள் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று ஆழமாக ஆராய்ந்து விதிகள் கண்டவர் ராமானுஜன்.

மூன்று விதிகள்

ஒவ்வோர் எண்ணாகச் சோதித்தால் என்ன என்று தோன்றும். ஒரு வினாடிக்கு ஓர் எண் வீதம், உறங்காமல் சோதித்தாலும், நம் பெரிய எண்ணைத் தொட இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! எனவே எந்த எண்களைச் சோதிக்கவே தேவையில்லை என்று முதலில் தெரிய வேண்டும். விதிகளின் வேலை அதுதான்.

எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். மிகுபகு எண்களைப் பிரித்தால் மூன்று ஒழுங்குகள் தெரியும்.

ஒன்று, பகா எண்கள் 2, 3, 5, 7 என்று நடுவே எதையும் தாண்டாமல் வரும். 20ஐப் பாருங்கள். அது 2 × 2 × 5. நடுவில் 3 இல்லை. 5க்குப் பதில் 3 வைத்தால் 12 ஆகிவிடும். எண் சிறியதாகிவிட்டது, காரணிகளோ அதே ஆறு. எனவே 20 பட்டியலில் சேராது.

இரண்டு, சிறிய பகா எண் அதிக முறை வரலாம். பெரியது அதைவிட அதிக முறை வராது. 18 என்பது 2 × 3 × 3. அதை 2 × 2 × 3 என்று மாற்றினால் மறுபடியும் 12. எனவே 18ம் சேராது.

மூன்று, கடைசியில் நிற்கும் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். 4, 36 இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு.

இந்த மூன்றையும் தாண்டி வந்த எல்லா எண்களும் வென்றுவிடும் என்று நினைக்காதீர்கள். 30 என்பது 2 × 3 × 5. மூன்று விதிக்கும் உட்பட்டதுதான். அதற்கு எட்டுக் காரணிகள். ஆனால் அந்த எட்டை 24 முன்பே தொட்டுவிட்டதே! ஆகையால் விதிகள் தேர்வு அறைக்குள் நுழைய அனுமதிச் சீட்டு மாதிரி. உள்ளே போன பிறகு போட்டி தனி.

பதின்மூன்று இலக்க வீரன்

இனி நம் பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்.

67,46,32,83,88,800 = 2 × 2 × 2 × 2 × 2 × 2 × 3 × 3 × 3 × 3 × 5 × 5 × 7 × 7 × 11 × 13 × 17 × 19 × 23

ஆறு 2கள், நான்கு 3கள், இரண்டு 5கள், இரண்டு 7கள், பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. மூன்று விதிகளும் அப்படியே பொருந்துகின்றன அல்லவா?

இதற்குக் காரணிகள் எத்தனை? ஒவ்வொன்றாக எழுத வேண்டாம். ஒரு காரணியை உருவாக்க, இந்தப் பகா எண்களில் சிலவற்றை எடுத்துப் பெருக்க வேண்டும். 2களில் ஒன்றுகூட எடுக்காமல் விடலாம். ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எடுக்கலாம். ஆக 7 வழிகள். 3களுக்கு 5 வழிகள். 5களுக்கு 3. 7களுக்கு 3. மீதியுள்ள ஐந்து பகா எண்களுக்கும் தலா 2 வழிகள், எடுப்பது அல்லது விடுவது.

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080

பத்தாயிரத்து எண்பது காரணிகள்! இதில் இன்னொரு வேடிக்கை. 10,080 என்ற எண்ணே ஒரு மிகுபகு எண். அதற்கு 72 காரணிகள்.

நம் பெரிய எண்ணை 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 29ல்தான் முதல் தடங்கல். பள்ளியில் படித்த சோதனைகளையும் செய்து பாருங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 63 வரும். 63ஐ 9 வகுக்கும். ஆகவே எண்ணையும் 9 வகுக்கும். கடைசி இரு இலக்கங்கள் பூச்சியம்; ஆகவே 25 வகுக்கும்.

போர்க்காலத்தில் ஒரு கட்டுரை

ராமானுஜன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து நான்கு மாதங்களுக்குள் முதல் உலகப் போர் மூண்டது. அவர் படித்த டிரினிட்டி கல்லூரியிலேயே காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவமனை அமைத்தார்கள். கடுங்குளிர். சைவ உணவு கிடைப்பது அரிதாயிற்று. தானே சமைத்து, நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்டு, இரவு பகலாக உழைத்தார். கணிப்பொறி கிடையாது. காகிதமும் பேனாவும்தான்.

இப்படி உருவானதுதான் மிகுபகு எண்கள் பற்றிய கட்டுரை. 1915ல் லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் 60க்கும் மேற்பட்ட பக்கங்களில் வெளிவந்தது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட மிகுபகு எண்களின் பட்டியல் இருந்தது. 2ல் தொடங்கி நம் 13 இலக்க எண்ணில் முடிந்தது.

1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இந்த ஆய்வுக்காக அவருக்குப் பட்டம் வழங்கியது. சொந்த ஊரில் இரண்டு கல்லூரிகளில் படித்தும் எட்டாத பட்டம், 12க்கும் 60க்கும் உள்ள பெருமையை ஆராய்ந்ததால் கிடைத்தது!

காணாமல் போன படி

அந்தப் பட்டியலைப் பின்னால் வந்தவர்கள் சரிபார்த்தார்கள். ஓர் இடத்தில் வியப்பு காத்திருந்தது.

பட்டியலில் 2,40,94,02,99,600 என்ற எண் இருந்தது. அதற்கு 4,800 காரணிகள். அதற்கு அடுத்ததாக 3,21,25,37,32,800 இருந்தது. அதற்கு 5,376 காரணிகள். இரண்டும் சரியான எண்களே. ஆனால் இரண்டுக்கும் நடுவில் 2,93,31,86,25,600 என்று ஓர் எண் உண்டு. அதற்கு 5,040 காரணிகள். 4,800ஐவிட அதிகம். எனவே அதுவும் சாதனை எண்தான். பட்டியலில் அதைக் காணோம்! படிக்கட்டில் நடுவே ஒரு படி இல்லாதது போல ஆயிற்று.

அந்த விடுபட்ட எண்ணைப் பிரித்துப் பாருங்கள். ஆறு 2கள், நான்கு 3கள், இரண்டு 5கள், இரண்டு 7கள், பிறகு 11, 13, 17, 19. எங்கோ பார்த்தது போல் இருக்கிறதா? ஆம்! பட்டியலின் கடைசி எண்ணில் உள்ள அதே பகா எண்கள்தான், 23 மட்டும் இல்லை. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் கடைசி எண் அப்படியே வந்துவிடும். காரணிகளும் 5,040லிருந்து இரு மடங்காகி 10,080 ஆகிவிடும். பெரியவன் பட்டியலில் இருக்கிறான். அவனுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சிறியவன் மட்டும் விடுபட்டுப் போனான்!

இதனால் ராமானுஜன் பெருமை குறைந்ததா? இல்லை. அவருடைய விதிகளில் ஒன்றுகூட ஆட்டம் காணவில்லை. விதிகள் நிரூபணத்தின் மேல் நிற்பவை. பட்டியல் கைவேலை. நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய எண்களைக் கையால் கண்டறிந்து எழுதியதில் ஒன்று விடுபட்டது. அது விடுபட்டதைக் காட்டிக்கொடுத்ததும் வேறு எதுவும் இல்லை, அதே கணிதம்தான். எவ்வளவு பெரியவர் எழுதினாலும் சரிபார்க்கலாம், சரிபார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கணிதத்தின் நேர்மை இது.

விடுபட்ட பக்கங்கள்

அந்தக் கட்டுரையில் விடுபட்டது ஓர் எண் மட்டும் அல்ல. போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்தது. செலவைக் குறைக்க, ராமானுஜன் எழுதியதில் ஒரு பகுதியை அச்சிடவில்லை. கும்பகோணத்தில் காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதியவருக்கு, லண்டனிலும் அச்சுச் செலவுக்குப் பணம் இல்லாமல் பக்கங்கள் குறைந்தன!

1917ல் ராமானுஜனின் உடல்நிலை கெட்டது. மருத்துவமனைகளில் பல மாதங்கள் கழிந்தன. அந்த நிலையிலும் 1918ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் பெலோ ஆனார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 1919ல் தாயகம் திரும்பினார். படுக்கையில் கிடந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். 1920 ஏப்ரல் 26ம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 32 மட்டுமே.

அச்சாகாத பக்கங்கள் என்ன ஆயின? அவை அழியவில்லை. 1988ல், அவருடைய தொலைந்த நோட்டுப் புத்தகம் எனப்படும் கையெழுத்துத் தாள்களோடு சேர்த்து, அவர் எழுதியபடியே படம் பிடித்து வெளியிட்டார்கள். 1997ல் நிக்கோலா, ரோபின் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் இருவர் அவற்றை ஒழுங்குபடுத்தி, விளக்கக் குறிப்புகளோடு பதிப்பித்தார்கள். எழுதி எண்பது ஆண்டுகள் கழித்து! அதற்குள் உலகக் கணித அறிஞர்கள் பலர் அதே பாதையில் வெகுதூரம் நடந்திருந்தார்கள். ஆனாலும் அந்தப் பழைய தாள்கள் அவர்களுக்குப் புதியனவாகவே இருந்தன.

ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22ம் தேதியை, 2012 முதல் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறோம். கும்பகோணம் போனால் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டையும் பார்த்து வாருங்கள். நினைவு இல்லமாகப் பாதுகாக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

ஒன்று: 2,93,31,86,25,600ஐ 23ஆல் பெருக்குங்கள். கால்குலேட்டர் வேண்டாம். கையால் போடுங்கள். பெரிய எண் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டு: விடுபட்ட எண்ணை 1 முதல் எந்த எண் வரை மீதியின்றி வகுக்கலாம்? பகா எண்களாகப் பிரித்ததைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மூன்று: 840ஐப் பகா எண்களாகப் பிரித்து, அதற்கு எத்தனை காரணிகள் என்று கண்டுபிடியுங்கள்.

விடைகள்: இரண்டாவதற்கு 22 வரை. மூன்றாவதற்கு 32. முதலாவதற்கு விடை இந்தக் கட்டுரையின் முதல் வரியிலேயே இருக்கிறது. ஒரு இலக்கம் மாறி வந்தாலும் விடாதீர்கள். எந்த இடத்தில் பிசகியது என்று தேடிப் பிடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்!